நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

முத்தமிழ் என்று நாம் பெருமையுடன் பேசுகின்றோம். ஆயினும், இயலுக்கும் இசைக்கும் அளித்த மதிப்பை நாடகத்திற்கு நம்மவர் நெடுங்காலம் அளித்திலர். கூத்தாடிகள் என்னும் ஒரு சொல்லால் அக்கலையினரைக் கற்றோர் ஒதுக்கிவந்தனர். அங்ஙனம் ஒதுக்கப்பட்ட அரங்கினுள் புலமை நிரம்பிய ஒருவர் தாமே விரும்பிப் புகுந்து, தம் வாழ்நாளை அதற்கே ஈந்தார். அவரே சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் வல்லவர். மைந்தருக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடுத்து இலக்கண இலக்கியங்களைக் கற்று, வெண்பாவும் வண்ணமும் விரைந்து பாடும் ஆற்றல் எய்தினார். சின்னாள் உப்பு வாணிக நிலையம் ஒன்றில் கணக்கராய் அமர்ந்தார். உப்பின் கணக்கு அவருள்ளத்தைப் பிணிக்கவில்லை. 24ஆம் வயதில் அவ்வேலையை விடுத்து நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் அவருடைய உயர்ந்த உருவத்திற்கும் முழங்கும் குரலுக்கும் பொருந்தின. ஆனால், அத்திறமையே அவருக்குத் துயராயிற்று. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாய்த் தோன்றிய அவரைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தியின் கரு கலைந்ததென்றும், சனீசுவர வேடத்துடன் வைகறையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட மற்றொருத்தி அச்சத்தால் உயிர் துறந்தாள் என்றும் கூறுவர். பார்ப்போர் நடுங்குவதே நடிகனுக்குப் புகழ் என்று அவர் எண்ணினாரல்லர். உள்ளம் நொந்து, வேடம் புனைவதையே விடுத்தார். சில காலம் துறவு நாடித் தலயாத்திரை செய்தார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனெனப் போற்றி ஆதரிக்க, மீண்டும் நாடகப் பணிக்குத் திரும்பினார். ஆனால், இம்முறை எழுதுகோலே அவர் கருவியாயிற்று.

அக்காலத்து நடிகர் பலர் பாட்டை மட்டும் பாடம் செய்துகொண்டு, உரையாடலைத் தத்தம் வாய்க்கு வந்தவாறு பேசிவந்தனர். இழிந்த நகைச்சுவையும் பொருந்தா வாதமும் அதனாற் பெருகின. சுவாமிகளோ பாட்டையும் வசனத்தையும் வரையறுத்து எழுதி, நாடகத்திற்கு ஒரு கட்டுக்கோப்பை அளித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி முதலாக நாற்பது அளவினவான நாடகங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. அவருடைய கோவலன் இளங்கோவடிகளின் காப்பியத்தினும் நாட்டார் கதையையே பெரிதும் தழுவியது; ஆதலின் அதன் மாதவியைச் சிலம்பு கற்றோர் எளிதில் ஏற்கார். எனினும், கண்ணகியின் பெருந்துயரைப் பாட்டின்வழி எழுத்தறியாதார் நெஞ்சிலும் பதித்தவர் அவர் என்பதை மறுத்தல் இயலாது.

இத்தாலி நாட்டில் ஓபரா என்னும் இசை நாடகம் உண்டு. வெர்டி என்பார் இயற்றி 1853இல் வெனிசு நகரில் அரங்கேறிய லா டிராவியாட்டாவில், கதைத்தலைவி தன் சாவுத்துயரையும் பாடியே உணர்த்துகின்றாள். இன்று அத்தகைய அரங்க நிகழ்ச்சிகளைப் படம் பிடித்துத் திரையரங்குகளிற் காட்டுகின்றனர். அழுகையையும் இசையாக்கும் அம்மரபு கண்டு வியக்கும் நாம், நம் நாட்டிலும் அஃது உண்டென்பதை மறத்தல் தகாது.

சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பிற்காலத்து டி. கே. எஸ். சகோதரர் எனப் புகழ்பெற்றோர் அங்கே பயின்றவரே. அவருள் ஒருவரான சண்முகத்திற்காக அபிமன்யு சுந்தரியைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தனர் என்பர். சிறுவர் சபை வாழ்வு எளிதன்று. பெற்றோரைப் பிரிந்து ஊரூராய்த் திரிதல் வேண்டும். ஆயினும், பள்ளி காணாத பல பிள்ளைகளுக்கு அதுவே தமிழ்ப் பள்ளியாயிற்று.

அந்தோ! இறுதி நாள்களில் பக்கவாதம் அவரைப் பற்றியது. கையும் காலும் முடங்கின. அரங்கை அதிரச் செய்த நா பேச்சிழந்தது. அந்நிலையிலும் அவர் தம் பிள்ளைகளின் சபையை விட்டகன்றிலர். தாம் எழுதிய பாடல்களைப் பிறர் வாயினின்று கேட்பதன்றி அவருக்கு வேறின்பம் யாது இருந்திருக்கும்? 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுவையில் உயிர் நீத்தார்.

தமிழ்ப் பேசும்படம் பிறந்தது 1931இல். அப்போது சுவாமிகள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய கலைக்குக் கதையும் பாட்டும் வேண்டியிருந்தன. மேடையே அவற்றை ஈந்தது. 1933இல் வள்ளி திருமணமும் 1934இல் பவளக்கொடியும் திரைக்கு வந்தன. எம். கே. தியாகராஜ பாகவதர் முதன்முதல் திரையில் தோன்றியது பவளக்கொடியிலேயே.

வள்ளியை மணந்த முருகன் வந்தமர்ந்த தலமெனப் போற்றப்படுவது எங்கள் பொதட்டூர்பேட்டைக்கு அண்மையிலுள்ள திருத்தணிகை. 1960ஆம் ஆண்டு வரை ஆந்திரத்தோடு இணைந்திருந்த அப்பகுதியில் தறியோசைக்கிடையே தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும். தெற்கே நெடுந்தொலைவிற் பிறந்த ஒரு புலவர் எங்கள் மலைக்கதையைத் தமிழகமெங்கும் பாடவைத்தார் என்பதை எண்ணுந்தோறும் நன்றி மிகுகின்றது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கற்றோர் ஒதுக்கிய கலை கல்விக்கூடத்துள் இடம் பெற்றுவிட்டது. ஆனால், அவருடைய நாடகங்களைப் பயின்று நடிப்போர் நம்முள் எத்தனை பேர்? மாணவத் தோழர்களே! நம் கல்லூரி விழா மேடையில் அவருடைய நாடகமொன்றை, அவர் விரும்பியவாறு சொல் பிறழாமல் நடித்துக் காட்டுவோமாக. பேச்சிழந்து மறைந்த அப்பெரியார்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே.