வெற்றி தோல்வி இல்லாத தேர்வு

தேர்வு என்றால் நம்முள் அஞ்சாதவர் யார்? டில்லிக்கு வந்த இந்த ஐந்து ஆண்டுகளில் தேர்வு எழுதியே பழகிய எனக்கும், சென்ற ஆண்டு ஒரு தேர்வு பெரும் அச்சத்தைத் தந்தது. சாலையில் வண்டி மோதித் தலையில் அடிபட்டேன். காயம் ஆறிற்று. ஆனால் படித்த பக்கம் மறுகணமே மறந்தது. ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு, ஏட்டில் குறிப்பதற்கு முன்பே நழுவிற்று. நரம்பு உளவியல் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா அழுதார்கள். மகனைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்பது அவர்கள் அச்சம். படிக்கத் தகுதியற்றவன் என்று எழுதிவிடுவார்களோ என்பது என் அச்சம்.

அந்த நாளுக்காகக் காத்திருந்தபோது, நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு வாழ்க்கை வரலாற்றை, நாளுக்கு இரண்டு பக்கமாகப் படித்தேன். இத்தகைய தேர்வுக்கு வழி வகுத்த பெரியோருள் ஒருவரான லூரியாவின் வரலாறு அது. அதனை மன்றத்து அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அலெக்சாந்தர் லூரியா 1902-இல் ருஷ்யாவின் கசான் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், மகனும் மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ உளவியலை நாடினார். 1921-இல் பட்டம் பெற்றார். 1923-இல் மாஸ்கோ சென்றார். அடுத்த ஆண்டில் வைகாட்ஸ்கி என்னும் அறிஞரின் நட்புக் கிடைத்தது. மனிதனின் நினைவும் சிந்தனையும் தாமே முளைப்பவை அல்ல, மொழியும் சமுதாயமும் அவற்றை உருவாக்குகின்றன என்பது அவர்கள் கொள்கை.

அக்கொள்கையைச் சோதிக்க 1931-லும் 1932-லும் லூரியா உஸ்பெகிஸ்தானத்துச் சிற்றூர்களுக்குச் சென்றார். எழுத்தறியாத மக்களிடம் உருவங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். வட்டத்தைத் தட்டு என்றும் நிலவு என்றும் அவர்கள் சொன்னார்கள். பள்ளி சென்றவர்களோ வட்டம் என்றே சொன்னார்கள். முன்னவர் அறிவில் குறைந்தவர் அல்லர். பள்ளிப் பழக்கம் இல்லாதவர், அவ்வளவே. ஆனால் இந்த ஆராய்ச்சி மக்களை இழிவுபடுத்துகிறது என்று அந்நாட்டில் கண்டனம் எழுந்தது. 1974 வரையில் அது முழு நூலாக வெளிவரவில்லை.

1934-இல் காசநோய் வைகாட்ஸ்கியைக் கொண்டுபோயிற்று. லூரியா மருத்துவக் கல்வியில் மூழ்கினார், 1937-இல் மருத்துவரானார். தந்தையின் விருப்பமும் நிறைவேறிற்று.

1941-இல் ருஷ்யாவைப் போர் சூழ்ந்தது. தலையில் குண்டு பாய்ந்த வீரர்களுக்காக யூரல் பகுதியில் அமைந்த மருத்துவமனைக்கு லூரியா தலைமை ஏற்றார். அங்கே அவரிடம் வந்தவருள் ஒருவர் சசேத்ஸ்கி. போருக்கு முன் தொழில்நுட்பம் பயின்ற மாணவர். 1943-இல் அவர் தலையைக் குண்டு துளைத்தபோது வயது 23. என் வயதும் அதுவே. ஆதலால் இப்பகுதியைப் படிக்கையில் என் கை நடுங்கிற்று.

அவருக்கு வலப்பக்கம் தெரியவில்லை. எழுத்துக்கள் மறந்தன. தந்தையின் சகோதரர், சகோதரரின் தந்தை என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கவில்லை. லூரியா அவருக்கு மதிப்பெண் இட்டு ஒதுக்கிவிடவில்லை. எது போயிற்று என்பதோடு எது எஞ்சியுள்ளது என்றும் தேடினார். ஒவ்வோர் எழுத்தாக நினைத்து எழுத முயன்றால் தோற்ற அந்த இளைஞர், கையை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதச் சொன்னபோது எழுதினார்! எழுதியதைப் படிக்கத்தான் முடியவில்லை. அந்த ஒரு வழியைப் பற்றிக்கொண்டு, சுமார் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்களில் தம் கதையை அவர் எழுதினார்.

லூரியாவின் முறை இதுதான். பிழையை எண்ணுவதைவிடப் பிழை எவ்வாறு நேர்ந்தது என்று காண்பதே முக்கியம். எழுத முடியாத மூவருள் ஒருவருக்கு ஒலி வேறுபாடு தெரியாதிருக்கலாம். ஒருவருக்குக் கையசைவின் வரிசை குலைந்திருக்கலாம். ஒருவருக்கு எழுத்தின் வடிவம் மறந்திருக்கலாம். குறை ஒன்றே, காரணம் மூன்று, பயிற்சியும் மூன்று.

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசியல் காற்று மாறியதால் அவர் தம் நரம்பியல் பணியை இழந்தார். மனம் தளராமல் குறைபாடுடைய குழந்தைகளிடையே பணியாற்றி, பின்னர் மீண்டும் தம் துறைக்குத் திரும்பினார். 1962-இல் மூளையின் உயர்செயல்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1977-இல் மாஸ்கோவில் மறைந்தார்.

இனி என் தேர்வைச் சொல்கிறேன். ஊசி இல்லை, வலி இல்லை. முதலில் விபத்து, தூக்கம், மருந்து, படிப்பு, வீட்டில் பேசும் மொழி ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு சொற்களின் பட்டியலைக் கேட்டுத் திரும்பச் சொன்னேன். அரைமணி கழித்து மறுபடியும் கேட்டார்கள். படம் பார்த்து வரைந்தேன். லூரியா கையாண்டது போலவே, முட்டி, கையோரம், உள்ளங்கை என்று மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். இடையிடையே ஓய்வும் தந்தார்கள். ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று. சில கேள்விகள் கடினமாகிக்கொண்டே போயின. எவரும் ஓரிடத்தில் தடுக்கும்படியாகவே அவை அமைக்கப்பட்டவை என்று பின்னர் அறிந்தேன்.

இன்று மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் ஒத்த வயதும் கல்வியும் உடையவரோடுதான் ஒப்பிடுகிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் நம் நாட்டவருக்கென்றே அத்தகைய சோதனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. உஸ்பெக் மக்கள் கற்பித்த பாடத்தை நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்கள் மறக்கலாகாது. தமிழில் நன்றாக விடை வரும் என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். முன்னிரவு நன்றாக உறங்க வேண்டும். கண்ணாடி அணிபவர் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். நம்மை அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். தேர்வுக்கென்று பயிற்சி செய்து போவது வீண். அது மருத்துவரையே ஏமாற்றும்.

எனக்கு வந்த முடிவு இது: நினைவாற்றல் கெடவில்லை, கவனம் விரைவில் களைக்கிறது. இருபது நிமிடம் படி, ஐந்து நிமிடம் ஓய்வு கொள் என்றார்கள். அப்படியே படித்தேன். ஒரு பருவம் தாமதமாகத் தேர்வு எழுதினேன், தேறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். எது கெட்டது என்று மட்டும் அல்ல, எது கெடாமல் இருக்கிறது என்றும் பார்த்துச் சொன்னார்கள் என்றேன். அம்மா அன்றுதான் நிம்மதியாக உறங்கினார்கள்.