சாவை விசாரித்த சான்றோர்

சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டோர் சொல்லும் செய்திகளை மேலைநாட்டார் இன்று தனித்துறையாகவே ஆராய்கின்றனர். 1975இல் அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் மூடி எழுதிய நூல் அதற்கு வாயில் திறந்தது. 2001இல் நெதர்லாந்து மருத்துவர் பிம் வான் லோமல் குழுவினர், இதயம் நின்று உயிர் மீட்கப்பட்ட 344 நோயாளிகளை ஆராய்ந்து, அவருள் 62 பேர் அத்தகைய அனுபவம் பெற்றமையைப் பதிவு செய்தனர். ஒளி, இருண்ட சுரங்கவழி, மறைந்த உறவினர் எனக் காட்சிகள் பல அங்கே பேசப்படுகின்றன. அவ்வாராய்ச்சிக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முன்னரே மதுரையில் ஒரு மாடியறையில் நிகழ்ந்ததோ வேறு வகை. அங்கே நோயில்லை, மருத்துவர் இல்லை, காட்சியும் இல்லை. கேள்வி ஒன்றே இருந்தது.

திருச்சுழியில் வழக்குரைத்துப் பிழைத்த சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் 1879 டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் வேங்கடராமன். 1892இல் தந்தை மறைந்தார். குடும்பம் பிரிந்தது. மூத்தவர் நாகசாமியுடன் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்த வேங்கடராமன், ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். படிப்பில் பேரார்வம் இல்லை. உடற்கட்டுடையவர், விளையாட்டில் விருப்பமுடையவர். தூக்கமோ, பிறர் அடித்தாலும் கலையாத தூக்கம். 1895ஆம் ஆண்டின் இறுதியில், உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது, அப்பெயர் ஓர் ஊரின் பெயர் என்பதே அவருக்கு வியப்பாயிற்று. பெரியபுராணம் கைக்குக் கிடைத்ததும் அக்காலத்தேதான். ஞான நூல் எதனையும் அவர் அதுவரை கற்றவரல்லர்.

1896 ஜூலைத் திங்களின் நடுப்பகுதி. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையில், சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனித்திருந்தார். அகவை பதினாறு. காரணம் யாதுமின்றிச் சாவு வந்துவிட்டதென்னும் அச்சம் திடீரெனப் பற்றியது. பெரியோரை அழைக்கவோ மருத்துவரை நாடவோ எண்ணம் எழவில்லை. இதனை இங்கேயே, இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற துணிவே எழுந்தது. கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போற் கிடந்தார். உதடுகளை இறுக மூடினார்; மூச்சையும் அடக்கினார். இவ்வுடல் செத்தது, இதனைச் சுடலைக்குக் கொண்டுபோய் எரிப்பர். அத்தோடு தாமும் செத்தாரா என்று உள்ளே வினவினார். உடல் சடமாய்க் கிடக்க, அதனின் வேறாய் நான் என்னும் உணர்வு முழு வலிவோடு விளங்கிற்று. சாவு தீண்டவியலாத அப்பொருளே தாம் என்று தெளிந்தார். அச்சம் அகன்றது, பின்னர் என்றும் அது திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியைப் படிப்படியான தருக்கமாகச் சொல்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 1931இல் வெளிவந்த பி. வி. நரசிம்ம சுவாமியின் ஆங்கில வரலாறே இதனை உலகறியச் செய்தது. அதில் இது தன்கூற்றாக அமைந்திருப்பினும், மகரிஷியின் சொற்கள் அவ்வாறே பதிவானவை அல்ல என்பதை ஆசிரியர் தாமே குறித்துள்ளார். எண்ணி எண்ணி எய்திய முடிவன்று அது. நேரே பளிச்சிட்டது என்பதே மகரிஷியின் கருத்து. ஆதலின், கீழே கிடந்து மூச்சடக்கினால் ஞானம் வந்துவிடும் என்று கொள்வார் ஏமாறுவர். செயல் புறவடிவம், வினாவே உயிர்.

அதன்பின் பிள்ளை மாறினார். சண்டைக்கு நில்லார், உணவில் சுவை தேடார். நாள்தோறும் கோயில் சென்று மீனாட்சி, சொக்கர், அறுபத்துமூவர் திருமுன் நின்று கண்ணீர் வடிப்பார். மேலநீலிதநல்லூர்ச் சுற்றுப்புறத்தார்க்கு ஆடித்தபசுக் கதை புதிதன்று. அரியும் அரனும் ஒன்றாதலைக் காணக் கோமதியம்மை சங்கரன்கோவிலிலே தவமிருந்தாள். இரண்டெனத் தோன்றுவதை ஒன்றெனக் காண அம்மைக்கே தவம் வேண்டியிருந்தது. அந்த மதுரைச் சிறுவருக்கோ காட்சி முந்தியது. தவம் பின்னரே தொடர்ந்தது.

ஆகஸ்டு 29ஆம் நாள், பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணப் பாடத்தைத் தண்டனையாக எழுதிக்கொண்டிருந்தவர், பாதியில் தாளைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். இப்படியிருப்பவருக்குப் படிப்பு எதற்கென்று தமையனார் கடிந்தார். அது சரியெனவே பட்டது. தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்குரிய ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்து, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கடிதம் நான் எனத் தொடங்கி, இது என மாறி, கையொப்பமின்றி முடிகிறது. கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்க இடம் இது. ஆறு வாரங்களுக்கு முன் மாடியறையில் நிகழ்ந்தது, இலக்கணத்தில் தன்மை படர்க்கையாய் மாறியதிலேயே தெரிந்துவிடுகிறது.

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்தார். பின்னர் அவ்வூரை நீங்கவேயில்லை. பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரிக்கவும் அறியாது கிடந்தார். கல்லெறிந்த சிறுவரிடமிருந்து சேஷாத்திரி சுவாமிகள் காத்தார். 1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை வினவ, எழுதிக் காட்டிய விடைகளே பின்னாளில் நான் யார் என்னும் நூலாயின. 1907இல் காவியகண்ட கணபதி முனிவர் இரமண மகரிஷி எனப் பெயரிட்டார். 1928இல் முருகனார் தூண்ட எழுந்த உள்ளது நாற்பதில் மங்கலப் பாக்கள் இரண்டு; அவற்றுள் ஒன்று சாவுக்கு அஞ்சுவாரைப் பற்றியது.

1912இல் மற்றொரு நிகழ்ச்சி. பச்சையம்மன் கோயிலிலிருந்து விரூபாட்சக் குகைக்குத் திரும்புகையில், ஆமைப்பாறை அருகே, வெண்திரை இழுத்தாற்போல் எதிர்க்காட்சி மறைந்தது. பாறையோரம் அமர்ந்தார். மூச்சும் குருதியோட்டமும் நின்று, உடல் நீலம் பாய்ந்தது. உயிர் பிரிந்ததெனக் கருதிய வாசுதேவ சாஸ்திரி கட்டிக்கொண்டு கதறினார். அத்தழுவலும் கதறலும் அவருக்குத் தெரிந்தே இருந்தன. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப்பின் உடலுள் ஓர் அதிர்வு பாய, மூச்சு மீண்டது, வியர்வை பெருகிற்று. தாம் வேண்டி வருவித்ததன்று என்றும், உள்ளுணர்வு சற்றும் குன்றவில்லை என்றும் பின்னர் விளக்கினார். மதுரையில் உடல் சாவை நடித்தது. ஆமைப்பாறையில் உடல் நடிக்கவில்லை. முன்னதன் உறுதி பின்னதில் சோதிக்கப்பட்டது எனலாம்.

தொண்டர் பழனிசாமியின் இறுதிப்பொழுதில் அவர் மார்பில் கைவைத்திருந்த மகரிஷி, சற்று முன்னதாகவே கையை எடுத்துவிட்டார். 1922 மே 19ஆம் நாள் அன்னை அழகம்மையார் மரணப் படுக்கையிற் கிடந்தபோது அப்படி நேரவிடவில்லை. ஒரு கை மார்பிலும் ஒரு கை தலையிலுமாக நெடுநேரம் அமர்ந்திருந்தார்; மூச்சு நின்ற பின்னும் உடனே எழவில்லை. ஆறாண்டுகளுக்கு முன் மகனைத் தேடி வந்து மலையிலேயே தங்கிவிட்ட அன்னை அவர்.

1949இன் தொடக்கத்தில் அவரது இடக்கை முழங்கையருகே கட்டி தோன்றியது. அது புற்று. ஓராண்டுக்குள் நான்கு முறை அறுத்தும் மீண்டும் வளர்ந்தது. கையையே நீக்கிவிடலாம் என்ற மருத்துவர் கருத்துக்கு அவர் இசையவில்லை. நோவு இல்லையென்று அவர் சொன்னதில்லை. உடலுக்கு நோவு உண்டென்றே ஒப்பினார். எங்களை விட்டுப் போகலாகாது என்று அடியார் அழுதபோது, எங்கே போவது, இங்கேதானே இருப்பது என்ற பொருள்பட விடையளித்தார்.

1950 ஏப்ரல் 14ஆம் நாள் மாலை. காத்திருந்தோர் வரிசையாக வந்து தரிசித்துச் சென்றனர். சிற்றறைக்கு வெளியே அமர்ந்திருந்தோர் அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர், பிச்சைக்குச் செல்லும் அடியார் பாடிச்செல்ல அவரே இயற்றியது அது. ஒருமுறை கண் திறந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு மூச்சு நின்றது. வெளியே பாட்டு நடந்துகொண்டிருந்தது.