மலையேறிய மீன்களின் வழி தேடிய சுந்தர் லால் ஹோரா

மாணவர்களே, கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த இரு ஆறுகளின் மேலோடைகளில் வாழும் மீன்கள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டுமானால், இவ்விடம்வரை நீந்தி வர வேண்டும். நடுவிலுள்ள மலைமுகட்டை அவற்றால் தாண்ட முடியாது. அப்படியானால் ஓடை மீன்கள் நாடு விட்டு நாடு பரவியது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடியவர்தான் சுந்தர் லால் ஹோரா.

இவர் 1896-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஹஃபிசாபாத்தில் பிறந்தார். லாகூரில் விலங்கியல் பயின்றார். 1919-இல் கல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மலையோடை மீன்கள் அவரைக் கவர்ந்தன. தட்டையான வயிறு, விரிந்த துடுப்புகள், பாறையைப் பற்றிக்கொள்ளும் மார்பு என அவற்றின் உடலமைப்பு வெள்ளத்துக்கு ஏற்ப அமைந்திருந்தது. 1930-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரது ஆய்வை வெளியிட்டது.

ஒரு புதிர் அவரை விடவில்லை. மார்பு மடிப்புகளால் பாறையில் ஒட்டிக்கொள்ளும் கிளிப்டோதோராக்ஸ் கெளுத்தி இனம் நம் தீபகற்பத்திலும் இருக்கிறது. காவிரியின் மலைப்பகுதியிலும் இருக்கிறது. இடையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்! முற்காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் அஸ்ஸாமையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலமாக இருந்தது என்றும், ஓர் ஆறு மற்றோர் ஆற்றின் தலையோடையைக் கவர்ந்தபோது மீன்களும் இடம் மாறின என்றும் அவர் கருதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆய்வகத்தின் சேகரிப்புகள் வாரணாசிக்கு மாற்றப்பட்டன. 1943-இல் அங்கு வந்த ஆற்று வெள்ளம் பலவற்றைப் பாழாக்கியது. 1947-இல் இயக்குநரான ஹோரா, அந்த ஆய்வகத்தை மீண்டும் நிமிர்த்தும் பொறுப்பை ஏற்றார். 1955-இல் மறைந்தார். கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழும் கண்ணற்ற கெளுத்தி, அவர் நினைவாக ஹோராகிளானிஸ் என்று பெயர் பெற்றது.

சாத்பூரா பாலத்தைப் பின்னாளில் பல ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. எல்லா உயிர்களும் ஒரே காலத்தில், ஒரே வழியில் பரவவில்லை என்று மரபணு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பழையதாகவில்லை. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது, மலாக்கா நீரிணை தரையாக இருந்தது. தீபகற்பத்தின் ஆறுகளும் சுமத்ராவின் ஆறுகளும் அங்கே கலந்தன. கடல் உயர்ந்ததும் அவை பிரிந்தன.

ஆற்றின் கிளைகள் சேரும் இடத்தில் மீன்களின் மரபணுக்கள் கலக்கின்றன. தனித்த மேலோடையில் சிறு கூட்டம் மட்டும் வாழ்ந்தால், அதன் மரபணு வகைகள் தலைமுறைதோறும் குறைகின்றன. நோயோ வறட்சியோ வந்தால் அது தாங்காது. அணையும் சாக்கடை நீரும் கிளைகளைத் துண்டிக்கும்போது இதுவே நேர்கிறது. கிள்ளான் ஆற்றின் நடுப்பகுதி அழுக்கானால், மேலே தெளிந்த நீரில் வாழும் மீனுக்கும் ஆபத்துதான். அடுத்த முறை அந்தச் சங்கமத்தைக் கடக்கும்போது, இதை நினைத்துப் பாருங்கள்.