புத்தகத்திற்கு வாசகரைத் தேடித் தந்த ரங்கநாதன்

நம் நாட்டுப் பொது நூலகங்களுக்குள் நுழைந்தவுடன் வாசலருகே ஒரு மேசையில் சில நூல்கள் பரப்பி வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். தேர்தல் வந்தால் அரசியல் வரலாற்று நூல்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் புவியியல் நூல்கள். அவற்றுடன் அதே பொருளைப் பற்றிய ஆவணப் படங்கள். செய்தித்தாளில் காலையில் படித்ததை மாலையில் நூலகத்தில் விரிவாகப் படிக்கவும் பார்க்கவும் வைக்கும் ஏற்பாடு இது. பார்ப்பதற்கு எளிய செயல்தான். ஆனால், நூல் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்னும் கருத்தை நூலகத்தின் சட்டமாகவே வகுத்தவர் ஒரு தமிழர். அவர்தான் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்.

இவர் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தை இராமாமிருதத்தை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆசிரியர் பயிற்சிக்குப் பிறகு மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். கற்பிப்பதே அவருக்கு உயிர். நூலகராக வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு முதன்முதலாக ஒரு நூலகரைத் தேடியது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களில் எவருமே நூலகப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆசிரியர் பணியைவிட அதிக ஊதியம் கிடைக்கும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் ரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருடைய தயாரிப்பு அவ்வளவே. 1924 ஜனவரியில் அவர் பணியில் அமர்ந்தார்.

ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நூலகத்தின் தனிமையை அவரால் தாங்க முடியவில்லை. சில வாரங்களிலேயே பழைய கல்லூரிக்குச் சென்று ஆசிரியர் வேலையைத் திரும்பத் தருமாறு கேட்டார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும். அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அந்தப் பயணம் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றபோது பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்த சேயர்ஸ், ஏட்டுக் கல்வியோடு நிறுத்தாமல் அவரைப் பல நூலகங்களுக்கு அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் நேரில் கண்டார். அங்கே சிறுவரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் இயல்பாக வந்து நூல் எடுத்துச் சென்றனர். நூலகம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய கோயில் அன்று. அது ஊருக்குப் பொதுவான கிணறு என்பதை அவர் உணர்ந்தார்.

இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாதனத்தையும் அவர் பார்த்தார். ஒரே பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு விதவிதமான பொம்மைகளைக் கோக்கலாம். நூல்களின் பொருளையும் இவ்வாறு கோக்கலாமே என்று அந்தக் கணித ஆசிரியருக்குத் தோன்றியது. அதுவரை புகழ்பெற்றிருந்த டூயி பகுப்பு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ரங்கநாதனோ பொருளைக் கூறுகளாகப் பிரித்தார். தென்னிந்திய நெற்பயிரின் நோய் பற்றிய நூல் என்றால் பயிர், நோய், இடம் எனத் தனித்தனிக் குறிகளை எடுத்து முக்காற்புள்ளி போன்ற நிறுத்தக்குறிகளால் இணைத்துவிடலாம். புதிய துறை தோன்றினாலும் அதற்கு இடமுண்டு. இதுவே 1933இல் நூலாக வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925இல் நாடு திரும்பிய ரங்கநாதன் ஆசிரியர் வேலையை மறுபடி கேட்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமைய முன்னின்றார். அதே ஆண்டில் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகளும் உருப்பெற்றன. 1931இல் அவை நூலாக அச்சேறின. நூல்கள் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பது ஐந்தாவது.

இவற்றுள் மூன்றாவது விதியே நாம் தொடக்கத்தில் கண்ட மேசைக்கு வேர். அலமாரியில் கிடக்கும் நூலுக்கு வாய் இல்லை. தன்னை எடுத்துப் படிக்குமாறு அது கூவி அழைக்காது. அதற்காகப் பேச வேண்டியவர் நூலகர். திறந்த அலமாரி, கண்ணில் படும் காட்சி, விளம்பரம், ஊர் மக்களை ஒன்றுகூட்டும் நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த விதிக்குள் அடங்கும். 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டதும் இதே எண்ணத்தின் விளைவுதான்.

இப்பணிகளுக்கிடையே சொந்த வாழ்வில் பெருந்துயரம் நேர்ந்தது. ஐந்து விதிகள் உருவான அதே 1928ஆம் ஆண்டில் அவருடைய மனைவி ருக்மிணி விபத்தில் இறந்தார். மறு ஆண்டில் சாரதாவை மணந்தார். ரங்கநாதனோ நூலகத்தையே வீடாக்கிக் கொண்டவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுப்பே இல்லாமல் உழைத்தார் என்பர். அந்த உழைப்பின் பாரம் குடும்பத்தின் மீதும் விழுந்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நூலகம் நிலைக்க வேண்டுமானால் நல்ல மனிதர்கள் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்று அவர் கருதினார். 1930இலேயே மாதிரிச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தார். பல தோல்விகளுக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வாங்கப்பட்டது. தன் ஊர் நூலகத்துக்கு மக்களே பணம் தருவதால் அது யாருடைய தயவிலும் நிற்க வேண்டியதில்லை.

சென்னையை விட்டு விலகிய பின் 1945 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரையும் தாங்கிய நூலகவியல் இருக்கை அமைய வழிசெய்தார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.

உலகின் பல பொது நூலகங்கள் இன்றும் டூயி முறையையே பின்பற்றுகின்றன; கோலன் முறை பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. ஆனால் அவருடைய ஐந்து விதிகள் நூலகவியல் பயிலும் மாணவர்க்கெல்லாம் அரிச்சுவடியாகிவிட்டன. 2020இல் பெருந்தொற்றால் நூலகக் கதவுகள் மூடப்பட்டபோது மின்னூல்களும் படங்களும் இணையவழி வாசகரின் வீட்டைத் தேடி வந்தன. அன்றைய மாட்டுவண்டிக்கும் இதற்கும் வாகனம்தான் வேறு, நோக்கம் ஒன்றே.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நம் நூலகங்களில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் எவரும் இரவல் பெறாத நூல், ஒரு நாள் அலமாரியிலிருந்து அகற்றப்படலாம். அப்போது குறைகூறிப் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் நடப்புச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருத்தமான ஐந்து தமிழ் நூல்களையும் ஒரு படத்தையும் பட்டியலிட்டு, நூலகரிடம் கொடுத்தால் என்ன? சக மாணவரிடம் சொன்னால் என்ன? நூலகராக விரும்பாமலே நூலகத்துக்குள் வந்த ஒரு கணித ஆசிரியர் இவ்வளவு செய்தார். தமிழை விரும்பிப் பயிலும் நாம், வாசகருக்காகக் காத்திருக்கும் ஒரு நூலையாவது இன்றே எடுத்துப் படிப்போம்.