கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளி... அதற்குப் பேர் தேடிய மிலிட்டரி டாக்டர்!

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும். பல புள்ளிகள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பார்த்ததும் வரும் முதல் கேள்வி: மீனுக்கு ஆபத்தா?

அநேகமாக அது கோபிபாட். தமிழில் துடுப்புக்காலி என்று சொல்லலாம். இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். இந்தியக் கடல்களின் துடுப்புக்காலிகளை இனம் பிரித்துப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் சீமோர் சியூவெல்.

யார் இவர்?

1880-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, டாக்டராகி, 1908-ல் ராணுவ அந்தஸ்துள்ள இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அடுத்து 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற சர்வே கப்பலில் வேலை. அங்கே அவருக்கு ரெண்டு பொறுப்பு: கப்பல் ஆட்களுக்கு வைத்தியம், வலையில் சிக்கும் உயிர்களை ஆராய்வது.

1925 முதல் 1933 வரை இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். மொகஞ்சதாரோவில் கிடைத்த மனித எலும்புகளை பி.எஸ்.குஹாவுடன் சேர்ந்து ஆராய்ந்தவரும் இவர்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

சைஸை மட்டும் நம்ப முடியாது. முட்டையிலிருந்து வந்தபின் துடுப்புக்காலி பலமுறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் உருவம் மாறும். குஞ்சும் தாயும் வேறு வேறு உயிர் மாதிரியே தெரியும்.

அதனால் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, ஊசியால் கால்களைப் பிரிக்க வேண்டும். பல இனங்களுக்கு ஐந்தாவது ஜோடிக் கால்தான் ஆதார் கார்டு. அதுவும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் எழுதிய இந்தியக் கடல் துடுப்புக்காலிகள் பற்றிய நூல் 1929, 1932 என இரண்டு பகுதிகளாக வந்தது.

1933-ல் எகிப்துக் கப்பலான 'மபாஹிஸ்'ஸில் ஜான் முர்ரே ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை ஏற்று, 1934 மே வரை அரபிக்கடலைச் சுற்றினார். அதில் கிடைத்தவற்றை வைத்து, ஊர்ந்து வாழும் வகைகள், பாதி ஒட்டுண்ணியாக வாழும் வகைகள் பற்றியும் எழுதினார்.

பேர் தெரிந்து என்ன பயன்?

தொட்டியில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை பாசியைத் தின்று, மீனுக்கு இரையாகும் நல்ல வகை. ஆனால் அதே கூட்டத்தில் அக்ரோபோரா பவளத்தைத் தொல்லை செய்யும் 'ரெட் பக்'கும் உண்டு. அதைக் கொல்லும் மருந்து நல்ல துடுப்புக்காலியையும், தொட்டியில் உள்ள இறால், நண்டையும் சேர்த்தே கொல்லும். ஆக, மருந்தைத் தொடுவதற்கு முன் பேர் தெரிந்தாக வேண்டும்.

கடலூரில் என்ன நடக்கிறது?

சியூவெல் 1964-ல் காலமானார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1961-ல், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் நிலையத்தைத் தொடங்கியிருந்தது. கழிமுகத்தில் வலை வீசி, சிக்கிய மிதவை உயிர்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஐந்தாவது காலைத் தேடும் வேலை அங்கே இன்றைக்கும் மாணவர்களுக்குப் பாடம்தான்.