கால்சட்டை அணிந்தாள், உலகைச் சுற்றினாள்!

சைக்கிள் வீராங்கனை ஆனியின் கதை

1894-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம். மாகாண சட்டசபைக் கட்டிடத்தின் முன்பு சுமார் 500 பேர் கூடி நின்றார்கள்.

கூட்டத்தின் நடுவே ஒரு இளம்பெண். ஒடிசலான உடம்பு. கணுக்கால் வரை தொங்கும் நீண்ட பாவாடை. பக்கத்தில் ஒரு சைக்கிள்.

அவள் சைக்கிளில் ஏறினாள். உலகத்தையே சுற்றி வரப் போவதாக அறிவித்துவிட்டுப் புறப்பட்டாள்!

ஒரு மாற்று உடை, ஒரு கைத்துப்பாக்கி. அவள் எடுத்துச் சென்ற மூட்டை அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆனி. சில நாட்களுக்கு முன்பு வரை அவளுக்குச் சைக்கிள் விடவே தெரியாது என்றால் நம்ப முடிகிறதா?

பிழைக்க வந்த குடும்பம்

ஆனி 1870-ம் ஆண்டு லாட்வியா நாட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். அவள் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தது.

1887-ம் ஆண்டு தந்தை இறந்தார். இரண்டே மாதத்தில் தாயும் கண்ணை மூடினாள். தம்பி, தங்கையைக் காப்பாற்றும் பொறுப்பு ஆனியின் தலையில் விழுந்தது. அப்போது அவளுக்கு வயது 17 கூட முழுதாக ஆகியிருக்காது.

மறு ஆண்டே திருமணம். கணவர் மாக்ஸ் கோப்சோவ்ஸ்கி தெருத் தெருவாகச் சரக்கு விற்பவர். நான்கு ஆண்டுகளில் மூன்று குழந்தைகள். வீட்டுச் செலவுக்காக ஆனி பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரிக்கும் வேலைக்குப் போனாள்.

பேசிப் பேசியே காரியத்தை முடிக்கும் கலை அங்கேதான் அவளுக்குக் கைவந்தது. பின்னால் அதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

பந்தயம்

1885-ம் ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய சம அளவாக உள்ள சைக்கிள் விற்பனைக்கு வந்தது. 1888-ல் டன்லப் என்பவர் சைக்கிளுக்கான காற்றடித்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு எங்கு பார்த்தாலும் சைக்கிள் மோகம்தான்.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆண்மகன் ஏற்கெனவே சைக்கிளில் உலகைச் சுற்றி வந்திருந்தார். ஒரு பெண்ணால் அது முடியுமா?

முடியாது என்று பாஸ்டன் பணக்காரர்கள் இருவர் பந்தயம் கட்டினார்கள் என்றும், முடியும் என்று காட்டவே ஆனி கிளம்பினாள் என்றும் பேச்சு பரவியது. 15 மாதத்தில் சுற்றி வர வேண்டும். வழியில் 5 ஆயிரம் டாலர் சம்பாதிக்கவும் வேண்டும் என்பது நிபந்தனையாம். அந்தப் பணக்காரர்கள் யார் என்பது கடைசி வரை வெளியே வரவில்லை. பந்தயமே ஆனியின் கற்பனையாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

ஆனால் ஒன்று நிச்சயம். லண்டன்டெரி என்ற குடிநீர்க் கம்பெனி அவளுக்கு 100 டாலர் கொடுத்தது. கம்பெனியின் விளம்பரப் பலகையைச் சைக்கிளில் மாட்ட வேண்டும். கம்பெனியின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று முதல் அவள் ஆனி லண்டன்டெரி ஆனாள்.

பெற்ற குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிறாளே என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. குழந்தைகள் கணவரிடம் இருந்தன. தான் வெறும் தாயாகவும் மனைவியாகவும் மட்டும் இருந்து மடிய விரும்பவில்லை என்பதே ஆனியின் எண்ணமாக இருந்தது.

பாவாடை படுத்திய பாடு

பாஸ்டனில் இருந்து சிகாகோ வரை போவதற்குள் ஆனி படாத பாடு பட்டாள்.

சைக்கிளின் எடை 42 ராத்தல், அதாவது சுமார் 19 கிலோ. அதற்கு மேல் நீண்ட பாவாடை. எதிர்காற்று அடித்தால் பாவாடை பாய்மரம் போல விரிந்து பின்னால் இழுக்கும். மழையில் நனைந்தால் ஈயம் போலக் கனக்கும். ஓரம் சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான்!

செப்டம்பர் மாதம் சிகாகோவை அடைந்தபோது ஆனியின் உடல் எடை 20 ராத்தல் குறைந்திருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் போகவில்லை. பழைய சைக்கிளைத் தள்ளிவிட்டு, 21 ராத்தல் எடையுள்ள வேறொரு சைக்கிளை ஏற்றுக்கொண்டாள். எடை சரிபாதி!

அதில் ஒரு சங்கடம். அது ஆண்கள் ஓட்டும் சைக்கிள். முன்னால் குறுக்கே பார் கம்பி இருந்தது. நீண்ட பாவாடையோடு அதில் ஏறி உட்கார முடியாது.

ஆனி யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பாவாடையை விட்டுவிட்டு, "புளூமர்" என்ற தொளதொளத்த கால்சட்டையை அணிந்தாள். வழியில் அதுவும் இடைஞ்சலாக இருக்கவே, ஆண்கள் அணியும் சைக்கிள் உடைக்கே மாறிவிட்டாள்.

ஊரே சிரித்தது

இன்று இது சின்ன விஷயம். அன்று அப்படி இல்லை. கால்சட்டை போட்ட பெண்ணை ஊரே திரும்பிப் பார்த்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் பொருமினார்கள்.

சாதாரணப் பெண்களுக்கு மட்டுமா இந்தக் கதி? 1898-ல் இங்கிலாந்தில் ஹார்பர்டன் சீமாட்டி கால்சட்டை அணிந்து சைக்கிளில் போனார். ஒரு ஓட்டலில் காப்பி அருந்தும் கூடத்துக்குள் அவரை விட மறுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஓட்டல்காரர் பக்கமே தீர்ப்பாயிற்று!

கடல் கடந்த பயணம்

ஆனி நியூயார்க்குக்குத் திரும்பி, அங்கிருந்து கப்பல் ஏறி பிரான்சுக்குப் போனாள். இறங்கியதும் சுங்க அதிகாரிகள் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைப்பணமும் களவு போயிற்று. அவள் பெண்தானா என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

அவள் கலங்கவில்லை. பாரீசில் இருந்து மார்சேல்ஸ் துறைமுகத்துக்குப் போனாள். அங்கு சேர்ந்தபோது அடிபட்ட ஒரு காலில் கட்டு. மற்றக் காலால் மிதித்துக்கொண்டு வந்தாள்!

1895 ஜனவரியில் மறுபடியும் கப்பல். அலெக்சாண்டிரியா, கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பான் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கினாள். சாட்சிக்கு அமெரிக்கத் தூதர்களிடம் கையெழுத்து வாங்கினாள். மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் கரையேறினாள்.

சைக்கிளில் போனதைவிடக் கப்பலில் போன தூரமே அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அது உண்மைதான். இந்தியாவில் புலி வேட்டை ஆடியதாகவும், சீன யுத்தகளத்தில் குண்டடி பட்டதாகவும் அவள் மேடைகளில் அளந்த கதைகள் சுத்தப் புளுகு.

ஆனால் அமெரிக்கப் பாலைவனத்தின் வெயிலும், கரடுமுரடான பாதையும் புளுகு அல்ல. அயோவா மாகாணத்தில் குறுக்கே வந்த பன்றிக் கூட்டத்தில் மோதி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கையில் கட்டுடனேயே 1895 செப்டம்பர் 12-ந் தேதி சிகாகோவை அடைந்தாள். கெடு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது!

வழி நெடுகத் தன் படங்களைக் கையெழுத்திட்டு விற்றாள். உடையிலும் சைக்கிளிலும் கம்பெனி விளம்பரங்களை ஒட்டிக்கொண்டு காசு பார்த்தாள். இன்றைய பந்தய வீரர்களின் சட்டை முழுவதும் கம்பெனிப் பெயர்கள் இருக்கின்றன அல்லவா? ஆனி அதை அப்போதே செய்துவிட்டாள்.

உடலோடு ஒட்டிய உடை

ஆனி பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தைத்தான் இன்றைய சைக்கிள் உடை சொல்கிறது.

வேகமாகப் போகும்போது சைக்கிள்காரரின் பெரிய பகை காற்று. தொளதொளத்த துணி காற்றைப் பிடிக்கும்; ஆகவே உடை உடலோடு ஒட்டி இருக்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தையல் உராய்ந்து தோல் புண்ணாகும். ஆகவே கால்சட்டைக்குள் மெத்தை வைக்கிறார்கள். குனிந்து ஓட்டும்போது முன் பையில் உள்ள பொருள் விழும். ஆகவே பை முதுகுப் பக்கம். வண்டி ஓட்டுவோர் கண்ணில் படுவதற்காகப் பளிச்சென்ற நிறம். பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

மறந்தது, நினைத்தது

பயணம் முடிந்ததும் ஆனி குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினாள். சில காலம் பத்திரிகையில் எழுதினாள். இன்னொரு பெண் குழந்தையும் பிறந்தது. பிறகு கணவரும் அவளும் சிறிய துணி வியாபாரம் நடத்தினார்கள்.

1947-ம் ஆண்டு ஆனி காலமானாள். அப்போது உலகம் அவளை மறந்தே போயிருந்தது. அவளுடைய உறவினர் வழியில் வந்த ஒருவர் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, 2007-ல் அவள் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அதன் பிறகே ஆனியின் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இன்று ஒரு பெண் தனக்கு வசதியான உடை அணிந்து சைக்கிளில் போனால் கூட்டம் கூடுவதில்லை. யாரும் நின்று பார்ப்பதும் இல்லை.

பந்தயப் பணம் வந்ததோ இல்லையோ, ஆனி பெற்ற வெற்றி அதுதான்!