மாடித் தொட்டியில் ஒரு பாடம்

இத்தாலி நாட்டின் சியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலரும் விரும்பாத அக்காலத்தில் ரோம் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1896-இல் மருத்துவரானார். மழலையர் கல்விக்குப் புகழ்பெற்ற இவர், பிள்ளைகள் பயிர் செய்யக் கற்க வேண்டும் என்று விரும்பியதை எங்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் தனியே திரிந்து, குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பாற்றத்தான் கட்டட உரிமையாளர்கள் அம்மையாரை நாடினார்கள் என்பது வேடிக்கை அல்லவா! 1907 ஜனவரி 6-ஆம் நாள் அங்கே முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

நெருக்கமான நகரில் தோட்டத்திற்கு இடம் ஏது? ரோமில் பெரிய மாடித்தளத்தைச் சுற்றிலும் தொட்டிகளை வைத்தார்கள். சிறு பூவாளியால் நீர் வார்ப்பது பிள்ளைகளின் வேலை. ஒரு நாள் காலையில் அம்மையார் சென்றபோது, இரவில் மலர்ந்த சிவப்பு ரோஜா ஒன்றைச் சுற்றித் தரையில் வட்டமாக அமர்ந்து, பேச்சின்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

செடி வாய்திறந்து கேட்காது, மறந்தால் வாடிவிடும். ஆசிரியை அதட்டாமலே பிள்ளை முன்யோசனை பழகுவது இப்படித்தான் என்று அவர் கண்டார். விதைப்பதைவிட அறுவடையே பிள்ளைகளுக்குப் பேரின்பம் என்றும் பின்னாளில் எழுதினார்.

1939-இல் நம் அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, மகன் மாரியோவைச் சிறை வைத்தார்கள். அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 1952 மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார்.

எங்களை மிகவும் கவர்ந்தது, எங்கள் வயதினருக்காக அவர் வகுத்த திட்டம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் நாட்டுப்புறத்தில் தங்கி, நிலத்தில் உழைத்து, விளைந்ததைத் தாங்களே கடை வைத்து விற்க வேண்டுமாம். பொதுத்தேர்வை எண்ணி நடுங்கும் எங்களுக்கு இது கனவுபோல் இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மொட்டை மாடியில் தக்காளி வளர்த்தது. அரையாண்டு விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பேசாமலே வீட்டுக்கு ஓடிவிட்டோம். திரும்பி வந்தபோது பன்னிரண்டு தொட்டிகளிலும் வெறும் குச்சிகள்! இவ்வாண்டு முறைப்பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். கத்தரி காய்த்துவிட்டது. அதை ஆசிரியைகளுக்கு விற்பதா, நாங்களே பொரித்துத் தின்பதா என்ற சண்டைதான் இன்னும் ஓயவில்லை.